கேட்காமல் விட்ட கடிதம்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருந்த ஆரம்பப் பாடசாலைக்கு நேசமலர் நூலகப் பொறுப்பாளராக வந்தது தொண்ணூற்று நான்காம் ஆண்டு. அதற்கு முன் கொள்ளுப்பிட்டியில் ஒரு கப்பல் கம்பனியில் பதினொரு வருடம் தட்டெழுத்தாளராக இருந்தவள். கம்பனி ஆட்களைக் குறைத்தபோது முதலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் அவளும் ஒருத்தி. கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்து, ஸ்ரனிஸ்லாசைக் கலியாணம் முடித்து வெள்ளவத்தைக்கு வந்திருந்தாள். அவர் மருதானை ரயில் நிலையத்தில் பொதிகள் பதியும் பகுதியில் வேலை. பிள்ளைகள் இல்லை.

இரண்டாயிரமாம் ஆண்டு ஒரு மாணவியின் தகப்பன், தன் கந்தோரில் கழித்துவிட்ட இரண்டு கணினிகளைப் பாடசாலைக்குக் கொடுத்தார். பூட்டுப் போடக்கூடிய அறை நூலகம் ஒன்றுதான் என்பதால் அவை அங்கே வந்தன. விசைப்பலகையில் விரல் வைத்துப் பழகியவள் நேசமலர் ஒருத்திதான் என்பதால் அவையும் அவள் பொறுப்பாயின. கணினிக்குள் சிறுவர்களுக்கான ஒரு புரோகிராம் இருந்தது. திரையின் நடுவில் ஒரு ஆமை நிற்கும். முன்னே ஐம்பது என்று கட்டளை கொடுத்தால் கோடு இழுத்துக்கொண்டு ஐம்பது அடி நகரும். வலம் தொண்ணூறு என்றால் திரும்பும். அதோடு வந்த ஆங்கிலக் கையேட்டை நேசமலர் பாடசாலை விட்ட பிறகு இருந்து எழுத்தெழுத்தாக வாசித்துப் படித்தாள். பிறகு மூன்றாம், நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நூலகப் பாடவேளையில் ஒரு புதுப் பழக்கத்தைக் கொண்டுவந்தாள். முதலில் எல்லோரும் சேர்ந்து ஒரு கதை வாசிப்பார்கள். கதையில் வரும் நரி குகையிலிருந்து ஆற்றுக்கு எந்த வழியாகப் போனது என்று பேசுவார்கள். அந்த வழியில் ஆமையை நடக்க வைப்பார்கள். வாசிக்கப் பஞ்சிப்படுகிற பிள்ளைகளும் ஆமைக்காகக் கதையை இரண்டு தரம் வாசித்தார்கள்.

அருந்ததி வந்தது அடுத்த வருடம் தை மாதத்தில். ஒன்பது வயது. தாய் பத்மாவதி வன்னியில் இரண்டு தரம் இடம்பெயர்ந்து, வவுனியா முகாமில் மூன்று வருடம் இருந்து, அங்கே இராணுவத்திடம் பயணப் பாஸ் எடுத்துக் கொழும்புக்கு வந்தவள். புருஷன் கனடாவில். அவர் இவர்களை அங்கே கூப்பிடப் போட்ட விண்ணப்பம் எப்போது சரிவரும் என்று தெரியாமல், ஒழுங்கையின் முனையில் இருந்த லொட்ஜில் ஒரு அறை எடுத்துத் தாயும் மகளும் இருந்தார்கள். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும் பழைய பாடசாலையின் விடுகைப் பத்திரமும் ஓடின ஓட்டத்தில் எங்கேயோ போய்விட்டன. அவை இல்லாமல் பதிவில் சேர்க்கப் பாடசாலை அதிபர் இரத்தினசிங்கத்தாலும் முடியவில்லை. ஆனால் வாசலில் நின்ற பிள்ளையைத் திருப்பி அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. தாய் அலுவலாக அலையும் நேரத்தில் பிள்ளை நூலகத்தில் இருக்கட்டும், யாரும் கேட்டால் நான் சொல்லிக்கொள்கிறேன் என்று நேசமலரிடம் சொல்லிவிட்டார்.

அப்படி அருந்ததி எந்த வகுப்பிலும் இல்லாத பிள்ளையாக நூலகத்தில் இருந்தாள். மூன்றாம் வகுப்பு வரும்போதும் இருந்தாள், நான்காம் வகுப்பு வரும்போதும் இருந்தாள், ஐந்தாம் வகுப்பு வரும்போதும் இருந்தாள். மற்றப் பிள்ளைகள் ஒரு தரம் கேட்டதை அவள் மூன்று தரம் கேட்டாள். ஆறு கிழமையில் நேசமலருக்குத் தெரிந்ததெல்லாம் அவளுக்கும் தெரிந்துவிட்டது. அதன் பிறகு கையேட்டின் பின்பக்கங்களில் இருந்தவற்றைப் படம் பார்த்தே பிடித்துக்கொண்டாள்.

அந்த வருடம் மழை பொய்த்து மின்வெட்டு நீண்டது. காலி வீதியில் கடைகளின் ஜெனரேற்றர்கள் இரைந்துகொண்டிருக்க, நூலகத்தில் கணினிகள் இருண்டு கிடந்தன. அருந்ததிதான் சோக்குக்கட்டி கேட்டாள். நிலத்தில் கட்டம் கட்டமாகக் கீறினாள். ஒரு பிள்ளை ஆமையாக நிற்க வேண்டும், மற்றவர்கள் கட்டளை சொல்ல வேண்டும். ஐந்தாம் வகுப்பு ஷபீகா ஆமையாக நின்றபோது, சொன்ன கட்டளை பிழையாக இருந்தும் சரியான பக்கம் திரும்பிவிட்டாள். அருந்ததி விளையாட்டை நிறுத்தினாள்.

"நீங்கள் மனசிலை நினைக்கிறது ஆமைக்குத் தெரியாது. சொன்னதை மட்டும்தான் செய்யும். திருப்பி முதலிலையிருந்து வாங்கோ."

ஷபீகா முகம் கோணாமல் வாசலுக்குப் போய் முதலிலிருந்து வந்தாள். அன்றிலிருந்து இருவரும் இணைபிரியாத சிநேகிதிகள்.

ஆனி மாதம் வலயக் கல்விப் பணிமனை நூலகங்களுக்கிடையில் ஒரு கணினிப் போட்டி வைத்தது. அருந்ததி செய்து வைத்திருந்ததை விட அனுப்புவதற்கு வேறு ஒன்றும் இருக்கவில்லை. புத்தகத்தின் எண்ணை அடித்தால், ஆமை நூலக வாசலிலிருந்து புறப்பட்டு, மேசைகளைச் சுற்றிக்கொண்டு, அந்தப் புத்தகம் இருக்கும் தட்டில் போய் நிற்கும். ஆனால் விண்ணப்பத்தில் மாணவரின் சேர்விலக்கம் கேட்டிருந்தார்கள். அருந்ததிக்கு அப்படி ஒரு இலக்கம் இல்லை. நேசமலர் சற்று நேரம் பேனையை வைத்துக்கொண்டிருந்துவிட்டு ஷபீகாவின் பெயரையும் இலக்கத்தையும் எழுதினாள்.

"மிஸ், இது அருந்ததிட. நான் கலர் மட்டும்தான் போட்டன்" என்றாள் ஷபீகா.

யார் பெயரில் போனாலும் பாடசாலைக்குத்தானே பெருமை என்று நேசமலர் சொல்லி வைத்தாள். இரண்டாம் இடம் கிடைத்தது. காலைக் கூட்டத்தில் ஷபீகா தலை குனிந்தபடி போய்ச் சான்றிதழை வாங்கினாள். நூலக ஜன்னலில் நின்று அருந்ததி கை தட்டியதை நேசமலர் பார்த்தாள். நெஞ்சுக்குள் ஒரு முள் தைத்தது. அடுத்த வருடம் பதிவு சரிவந்துவிடும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அதை ஒதுக்கிவிட்டாள்.

ஆடி மாதம் கட்டுநாயக்காவில் விமான நிலையம் தாக்கப்பட்டது. கொழும்பு முழுக்கச் சோதனை. லொட்ஜுகளில் இருந்தவர்களுக்குப் பொலிஸ் கொடுக்கும் தங்கும் அனுமதியை நீட்டுவது திடீரென்று கடினமாகிவிட்டது. அந்த வெள்ளிக்கிழமை மகளைக் கூட்டிப் போக வந்த பத்மாவதி, வழமைபோல வாசலோடு நிற்காமல் உள்ளே வந்தாள். புதன்கிழமையோடு அனுமதி முடிகிறது என்றாள். ஏன் கொழும்பில் நிற்கிறாய் என்று பொலிஸில் கேட்கிறார்கள், கனடாத் தூதரகத்திலிருந்து நேர்முகத்துக்கு இன்னும் திகதி வரவில்லை, காட்டுவதற்குக் கையில் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை என்றாள்.

"பிள்ளை இங்கை வந்து படிக்கிறா எண்டு பள்ளிக்கூடத்தாலை ஒரு கடிதம் தந்தியள் எண்டால் காணும், ரீச்சர். வேறை ஒண்டும் எழுத வேண்டாம்."

அதிபரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றாள் நேசமலர்.

அவள் பயந்தவள். அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் மன்னாரிலிருந்து வந்த ஒரு ஒன்றுவிட்ட தம்பிக்கு ஸ்ரனிஸ்லாஸ் பொறுப்புக் கையெழுத்துப் போட்டார். நகரத்தில் எங்கோ ஒரு குண்டு வெடித்த கிழமை அது. அந்தத் தம்பியை விசாரிக்கக் கொண்டுபோனவர்கள் கையெழுத்து வைத்தவரையும் கொண்டுபோனார்கள். மூன்று நாளுக்குப் பிறகு இருவரையும் விட்டுவிட்டார்கள். ஒன்றும் செய்யவில்லை என்றுதான் ஸ்ரனிஸ்லாஸ் சொன்னார். ஆனால் அதன் பிறகு வாசல் மணி அடித்தால் அவர் முதலில் குளியலறைக்குள் போய்விடுவார். யாருடைய கடதாசியிலும் நம்முடைய பெயர் இருக்கக் கூடாது என்பது அந்த வீட்டின் சட்டமாகியது.

அதிபரின் அறை நூலகத்துக்கு நேரெதிரே, முற்றத்துக்கு அந்தப் பக்கம். திங்கட்கிழமை நேசமலர் அதன் வாசல் வரை போனாள். அவர் தொலைபேசியில் இருந்தார். காத்து நிற்கலாம். நிற்கவில்லை. திரும்பி நடந்தபோது மனம் இலேசானதை அவளே உணர்ந்தாள். கடிதம் என்று வந்தால் தட்டெழுதப்போவது அவள்தான். பிள்ளை நூலகத்தில் இருக்கிறாள் என்று எழுதினால் நாளைக்கு விசாரிக்க வருகிறவன் நூலகத்துக்குத்தான் வருவான். அன்று பின்னேரம் அவர் தனியே இருந்தார். அப்போதும் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை பத்மாவதி வந்து நின்றாள். நேசமலர் புத்தகங்களை அடுக்கியபடியே, முகம் பாராமல் சொன்னாள்:

"சேர் ஏலாதெண்டுட்டார். பதிவிலை இல்லாத பிள்ளைக்குக் கடிதம் குடுக்க முடியாதாம்."

"அவரும் என்ன செய்யிறது. இவ்வளவு நாளும் பிள்ளையை இருக்க விட்டதே பெரிய காரியம்" என்று சொல்லிவிட்டுப் பத்மாவதி மகளின் கையைப் பிடித்தாள். அருந்ததி பாதியில் விட்ட புத்தகத்துக்குள் ஒரு கடதாசித் துண்டை வைத்து மூடிவிட்டு, நாளைக்கு வந்து முடிக்கிறேன் என்று சொல்லிப் போனாள்.

புதன்கிழமை அவள் வரவில்லை. வியாழக்கிழமையும் வரவில்லை. பாடசாலை விட்டதும் நேசமலர் லொட்ஜுக்குப் போனாள். அங்கே மேசையில் இருந்தவர் ஷரீப் நானா, லொட்ஜைப் பார்த்துக்கொள்பவர். அவளை அவருக்குத் தெரியும்.

"அவங்க நேத்தே பெய்த்தாங்க, டீச்சர். பொலிஸ்ல டைம் நீட்டிக் குடுக்கல்ல. ஒடனே வவுனியாவுக்குப் போகச் சொல்லிட்டாங்க" என்றார். பிறகு, சொல்லலாமா என்று யோசித்தவர்போல, "மேல் ரூம்ல ஒரு தாயும் புள்ளையும் இருக்கிறாங்க. அவங்கள்ட்ட ஸ்கூல் லெட்டர் ஒண்டு இருந்திச்சி. அவங்களுக்கு ஒரு மாசம் குடுத்திருக்கிறாங்க" என்றார்.

நேசமலர் எப்படிப் பாடசாலைக்குத் திரும்பி வந்தாள் என்று பிறகு அவளுக்கு நினைவில்லை. அதிபர் வீட்டுக்குப் போகக் குடையை எடுத்துக்கொண்டிருந்தார். அருந்ததியையும் தாயையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள், ஒரு கடிதம் இருந்திருந்தால் நின்றிருப்பார்கள், தாய் வெள்ளிக்கிழமை தன்னிடம் கேட்டாள் என்று சொன்னாள். இரத்தினசிங்கம் குடையைத் திரும்பவும் மூலையில் சாத்தினார்.

"என்னட்டைச் சொல்லியிருந்தால் எழுதித் தந்திருப்பனே, ரீச்சர். பதிவிலை இல்லாட்டி என்ன, பிள்ளை ஒவ்வொரு நாளும் இங்கைதானே இருந்தவ."

அவர் குரலை உயர்த்தவில்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்திருப்பார். அவர் மறுத்துவிட்டதாக அந்தத் தாயிடம் சொன்னதை அப்போதே சொல்லியிருக்கலாம். நேசமலரின் வாய் திறக்கவில்லை. அவர் சொல்லச் சொல்லக் கடிதத்தைத் தட்டெழுதினாள். ஏழு வரி. அவளுக்கு மூன்று நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. இருவரும் அதை எடுத்துக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போனார்கள். அங்கிருந்த அதிகாரி மரியாதையாகவே சிங்களத்தில் பதில் சொன்னார்: ஆள் போய்விட்டது, இனி எதுவானாலும் வவுனியாவில்தான். கடிதத்தைப் பதிவுத் தபாலில் முகாமுக்கு அனுப்பினார்கள்.

பன்னிரண்டு நாளில் தூதரகத்திலிருந்து நேர்முகத் திகதி லொட்ஜ் விலாசத்துக்கு வந்தது. ஷரீப் நானா அதை வவுனியாவுக்கு அனுப்பி வைத்தார். பாடசாலைக் கடிதத்தை வைத்துக்கொண்டு பத்மாவதி புதிதாகப் பாஸ் கேட்டாள். அது கைக்கு வந்தபோது திகதி கடந்து ஒன்பது நாள். விண்ணப்பத்தைத் திரும்ப முதலிலிருந்து போட வேண்டும் என்றார்கள். இதையெல்லாம் அவள் அதிபருக்கு எழுதிய நன்றிக் கடிதத்தில் எழுதியிருந்தாள். மனம் இரங்கிப் பிறகாவது கடிதம் தந்தீர்களே என்று ஒரு வரி அதில் இருந்தது. அதிபர் கடிதத்தை வாசித்துவிட்டு நேசமலரிடம் நீட்டினார். அந்த வரி அவருக்கு ஒன்றும் உணர்த்தியதாகத் தெரியவில்லை.

அவள் கொட்டாஞ்சேனைக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தாள். சாமியார் பொறுமையாகக் கேட்டுப் பத்து அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். சொன்னாள். வீட்டுக்கு வரும் பஸ்ஸில் அது போதாது என்றே பட்டது. நூலகத்தில் பிள்ளைகள் அருந்ததி எப்போது வருவாள் என்று கேட்டார்கள். ஷபீகா கேட்கவில்லை. அவள் தன் சான்றிதழைக் கொண்டுவந்து நேசமலரின் மேசையில் வைத்துவிட்டு, அருந்ததியைக் கண்டால் குடுங்க மிஸ் என்று சொல்லிப் போய்விட்டாள்.

அடுத்த வருடம் சண்டை நிறுத்தப்பட்டு, பாஸ் இல்லாமல் போய்வரலாம் என்று வந்தது. வைகாசியில் நேசமலர் ஸ்ரனிஸ்லாசிடம் நடந்ததை முழுதாகச் சொன்னாள். தன்னை வைத்துத்தானே அவள் பயந்தாள் என்று அவருக்கும் பட்டிருக்க வேண்டும். ரயில் டிக்கெட்டை அவரே எடுத்துக் கொடுத்தார்.

முகாமில் தகரக் கூரைக்குக் கீழே வரிசையாக அறைகள். அருந்ததி தூரத்திலேயே கண்டுவிட்டாள். ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து அறைகளுக்கெல்லாம் இழுத்துப் போய், இதுதான் எங்கட நூலக ரீச்சர் என்று காட்டினாள். நேசமலர் சான்றிதழைக் கொடுத்தபோது அதில் இருந்த பெயரைப் பார்த்துச் சிரித்து, ஷபீகாவுக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று கடதாசி தேடப் போனாள். அந்த இடைவெளியில் நேசமலர் பத்மாவதியிடம் சொன்னாள். அதிபர் மறுக்கவில்லை, நான் அவரிடம் கேட்கவே இல்லை, பயத்தில் பொய் சொன்னேன் என்றாள்.

பத்மாவதி சுளகில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கை நின்றது. பிறகு சுளகை ஒரு பக்கமாக வைத்துவிட்டு எழும்பி, அறையின் மறுபக்கம் போய்ச் சுவரைப் பார்த்தபடி நின்றாள். திட்டுவாள் என்று நேசமலர் எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நல்லது என்றுகூட நினைத்தாள்.

"பிள்ளைக்கு இதைச் சொல்லாதையுங்கோ" என்றாள் பத்மாவதி. "அவ உங்களைப் பற்றித்தான் இங்கை எல்லாருக்கும் கதைச்சுக்கொண்டு திரியிறா. அவவுக்கு அதாவது இருக்கட்டும்."

தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். தான் குடிக்கவில்லை.

தாயும் மகளும் கனடாவுக்குப் போனது இரண்டாயிரத்து மூன்றின் கடைசியில். கொழும்பு வழியாகத்தான் போனார்கள். வெள்ளவத்தைக்கு வரவில்லை.

சண்டை திரும்பவும் தொடங்கியது. லொட்ஜுகள் நிரம்பின, தாய்மார் வந்தார்கள். இரத்தினசிங்கம் ஓய்வு பெற்றுப் போயிருந்தார். புது அதிபர் எதற்கும் தயங்குகிறவர். பிள்ளை நூலகத்துக்கு வருகிறது என்று கடிதம் கேட்ட ஒவ்வொருவருக்கும் நேசமலர் தன் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் போட்டுத் தானே எழுதிக் கொடுத்தாள். ஒரு தரம் அவளைப் பொலிஸ் நிலையத்துக்குக் கூப்பிட்டு ஒரு பகல் முழுக்க வாங்கில் இருத்தி வைத்தார்கள். ஸ்ரனிஸ்லாஸ் வெளியே கேற்றடியில் நின்றார். திரும்பி வந்த பிறகும் அவள் எழுதுவதை நிறுத்தவில்லை. அப்படி எழுதிய கடிதம் ஒன்றாவது அந்தப் பழைய ஏழு வரிக்கு ஈடாகும் என்று அவளுக்குத் தோன்றியதில்லை.

இரண்டாயிரத்து ஆறு மார்கழியில் நூலக விலாசத்துக்கு அருந்ததியின் கடிதம் வந்தது. பதினைந்து வயது, கணினிப் பாடத்தில் வகுப்பில் முதல், எல்லாம் உங்களால்தான் ரீச்சர் என்று நீளமாக எழுதியிருந்தாள். கடைசியில், எங்களுக்குக் கடிதம் தர மாட்டேன் என்ற அந்த அதிபர் இன்னும் இருக்கிறாரா, அவரை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வரும் என்று இருந்தது.

நேசமலர் அந்தக் கடிதத்தைப் பத்து நாள் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தாள். தாய் சொன்ன சொல் ஒரு பக்கம். வாசலில் நின்ற பிள்ளையை உள்ளே விட்ட மனுஷன், எங்கோ குளிர் தேசத்தில் ஒரு பிள்ளையின் மனதில் கல்நெஞ்சக்காரனாக இருக்கிறார் என்பது மறுபக்கம். பதினோராம் நாள் பதில் எழுதினாள். சேர் மறுக்கவில்லை. நான் அவரிடம் கேட்கவே இல்லை. உன் அம்மாவுக்குப் பொய் சொன்னது நான். உன் பெயருக்குப் பதிலாக ஷபீகாவின் பெயரை எழுதியதும் நான்தான். இவ்வளவையும் எழுதி, மன்னிக்கச் சொல்லி எழுதப் போனவள் அதை எழுதாமல் கையெழுத்துப் போட்டாள். உடனே போய்த் தபாலில் சேர்த்தாள்.

பங்குனியில் பதில் வந்தது. உறைமேல் நேசமலரின் பெயர். உள்ளே மடித்த ஒரேயொரு தாள், அதன்மேல் அதிபர் இரத்தினசிங்கம் அவர்களுக்கு என்று எழுதியிருந்தது. உறையைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். அவளுக்கென்று ஒரு வரியும் இல்லை.

அன்று பின்னேரமே ஹெவ்லொக் டவுனில் அவர் வீட்டுக்கு நடந்தாள். இரத்தினசிங்கம் மெலிந்து போயிருந்தார். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு தாளைப் பிரித்து வாசித்தார். ஒரு தரம் வாசித்துவிட்டுத் திரும்ப மேலிருந்து வாசித்தார்.

"இந்தப் பிள்ளை ஏன் என்னட்டை மன்னிப்புக் கேக்குது?" என்றார்.

நேசமலர் நின்றபடியே சொன்னாள். தொலைபேசியில் இருந்த அவரைக் கண்டு திரும்பி நடந்ததிலிருந்து, பத்மாவதியின் முகம் பாராமல் அவர் பெயரைச் சொன்னது வரை ஒன்றையும் விடவில்லை. முடிந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஐஞ்சரை வருஷம்" என்றார். "அண்டைக்கே என்னட்டைச் சொல்லியிருக்கலாம், ரீச்சர். அவைக்கு நான் எழுதியிருப்பன்."

"ஓம், சேர்."

அவர் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். பிறகு உள்ளே மனைவியைக் கூப்பிட்டு இரண்டு பேருக்குத் தேத்தண்ணி போடச் சொன்னார். எதிரே இருந்த கதிரையைக் கையால் காட்டி, "இருங்கோ" என்றார். பேனையை எடுத்துவரச் சொல்லி, கனடா விலாசத்தைச் சொல்லும்படி அவளிடம் கேட்டார். நேசமலர் உறையைப் பார்த்து விலாசத்தை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். அவர் மெதுவாக எழுதிக்கொண்டார்.